மேட்டு மூலை மணல்

பழுகாமம்,
11.02.2024

அன்புள்ள தங்கச்சி சீதேவிப்பிள்ளைக்கு அண்ணன் நல்லரத்தினம் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் மச்சாளும் மகள் ஆர்த்திகாவும் சுகமாக இருக்கிறோம். சுகத்துக்குக் குறைவென்றால் எனது இடது முழங்கால் ஒன்றுதான். வெள்ளம் வருவதற்கு இரண்டு நாள் முன்னரே அது எனக்குச் சொல்லிவிடுகிறது. வானொலிக்காரன் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும். நீயும் மகன் திவாகரனும் அந்த வெளிநாட்டுப் பனியில் எப்படி இருக்கிறீர்கள்? காலுறை போட்டுக்கொண்டு படுக்கிறாயா, இல்லை பழைய பிடிவாதம்தானா?

காணிச் சங்கதி கடிதத்தில் மட்டும் என்று நீ போட்ட சட்டத்தை நான் மீறவில்லை. போனில் பேசினால் ஐந்தாம் நிமிடம் நான் கத்துகிறேன், ஆறாம் நிமிடம் நீ அழுகிறாய். ஆகவே எழுதுகிறேன். அம்மா உனக்குச் சீதனமாக எழுதிய மூன்று ஏக்கரிலும் தை வெள்ளம் புகுந்துவிட்டது. கதிர் முற்றி நின்ற நேரம். ஆறு உடைத்துக்கொண்டு வந்து, பள்ளக்காணி முழுவதும் முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. நெல்லுக்குச் சேதம் என்று எழுதக்கூட நெல் இல்லை. மேட்டு மூலைக்கு மட்டும் தண்ணீர் ஏறவில்லை. மருதமரம் நிற்கிறது. நீ முதலில் அதைத்தான் தேடுவாய் என்று தெரியும்.

வெள்ளம் போட்ட மண்ணை அள்ளிப்போக ஆட்களை விடுவது நம் வயல் வட்டைகளில் வழக்கம்தானே. முன்பு வண்டில் கட்டிக்கொண்டு வந்தார்கள், இப்போது டிப்பர் வருகிறது. மண் அள்ளுகிறவனுக்கு, மட்டமான வயல் நமக்கு, முதல் இரண்டு லோட் காணிக்காரர் வீட்டு வளவுக்கு. உதயரூபன் என்று ஒரு கொந்தராத்துக்காரன் வந்து கேட்டிருக்கிறான். விட்டால் சிறுபோகத்துக்கு முன் நிலம் தெளிந்துவிடும். வட்டைக்கு வாய்க்காலும் தண்ணீரும் பார்க்கிற வட்டவிதானையின் தங்கச்சி காணியே மண்மூடிக் கிடந்தால் மற்றவர்களுக்கு நான் எந்த வாயால் வாய்க்கால் வெட்டச் சொல்வது?

ஆர்த்திகாவின் வீடு ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் வினோஜன் என்ற பிள்ளையைப் பேசி முடித்திருக்கிறோம். வரும் ஆண்டு பங்குனியில் கலியாணம். நம் பக்கத்தில் வீடு கொடுக்காமல் பெண்ணைக் கொடுக்க முடியுமா? மணல் விலையில் மேசன் வேலையை நிறுத்திவிட்டுப் போய்விட்டான். எல்லாம் ஒழுங்காகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
நல்லரத்தினம்


பேர்ண்,
03.03.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் திவாகரனும் நலம். காலுறை போடுகிறேன், போதுமா? முதியோர் இல்லத்துச் சலவை அறையில் நின்று நின்று எனக்கும் முழங்கால் தொடங்கிவிட்டது. அம்மா நமக்குப் பிரித்துக் கொடுத்த சொத்தில் அதுதான் சரிசமமாக வந்திருக்கிறது. மச்சாளின் சுகத்தையும் எழுதுங்கள். நீங்கள் எப்போதும் "சுகம்" என்று ஒரு சொல்லில் அவளை முடித்துவிடுகிறீர்கள். ஆர்த்திகாவுக்கு என் ஆசீர்வாதம். கலியாணத்துக்கு மாமி கட்டாயம் வருவாள் என்று சொல்லுங்கள்.

வெள்ள மண்ணை அள்ளட்டும். ஆனால் மேட்டை ஒருவரும் தொடக்கூடாது. இதை வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள். ஏன் என்று கேட்டால் மருதமரத்தடியில் பூசை வைக்கிற வழக்கம் என்று சொல்லுங்கள்.

முப்பத்துநாலு வருஷமாக இதை நாம் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசியதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் நான் ஒரு வயதுப் பிள்ளையோடு அகதிமுகாமில் இருந்தேன். நீங்கள் வந்து நின்றீர்கள். உங்கள் நகங்களுக்குள் மண் இருந்தது. "மச்சான வயலுக்க கண்டனான். சுடலைக்குக் கொண்டுபோக வழியில்ல. மேட்டில வெச்சிட்டன்" என்றீர்கள். இடது கையில் அம்மன் கோயிலில் கட்டிய வெள்ளித் தாயத்து இருந்ததா என்று கேட்டேன். கழற்றவில்லை, அதோடுதான் வைத்தேன் என்றீர்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. பதிவில் அவர் காணாமற்போனவர். திவாகரனுக்கும் அவன் தகப்பன் அப்படித்தான். கனகசூரியம் எங்கே இருக்கிறார் என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் நீங்களும் நானும்.

வரும் ஆண்டு எனக்கு ஓய்வூதியம். வந்து அந்த மூலையில் ஒரு கல் வைத்து விளக்கேற்ற வேண்டும். காணியில் விளைந்தாலும் விளையாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். அந்த மேடு இருக்க வேண்டும்.

நலத்தோடு இருங்கள்.

தங்கச்சி,
சீதேவிப்பிள்ளை


பழுகாமம்,
21.04.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

புதுவருஷ வாழ்த்து. மச்சாள் பலகாரம் சுட்டாள், எண்ணெய் விலையைத் திட்டிக்கொண்டே சுட்டாள். அவளுக்குச் சுகம், சீனிவருத்தம் கூடியிருக்கிறது. மருந்தும் குடிக்கிறாள், பலகாரமும் தின்கிறாள். நீ கேட்டபடி விரிவாக எழுதிவிட்டேன். நீயும் திவாகரனும் சுகம்தானே?

இனி எழுதுவதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். உதயரூபன் வெள்ள மண்ணோடு நிற்கவில்லை. பெக்கோ இயந்திரத்தை இறக்கி, கீழே இருக்கும் ஆற்று மணலையும் தோண்டத் தொடங்கிவிட்டான். தடுக்கப் போனேன். ஒரு காகிதத்தை விரித்துக் காட்டுகிறான். மணல் அகழ அனுமதிப்பத்திரமாம், உன் காணி இலக்கமே அதில் இருக்கிறது. "ஐயா, நான் களவா அள்ளல்ல. சட்டப்படிதான் நிக்கன்" என்கிறான். எப்படி எடுத்தானோ, எவனைப் பிடித்து எடுத்தானோ, எனக்கு விளங்கவில்லை.

சும்மா இருக்கவில்லை. காத்தான்குடிச் சட்டத்தரணி ஸுஹைனாவைப் பிடித்து வழக்குப் போட்டுவிட்டேன். வட்டவிதானை என்ற முறையில், வரம்பும் வாய்க்காலும் சேதமாகிறது என்று போட்டிருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளை. ஒரு கேள்வி கேட்டால் மூன்று கேள்வியாகத் திருப்பிக் கேட்கிறது.

மேட்டுக்கு ஒன்றுமில்லை. நீ பயப்படாதே.

ஆர்த்திகாவின் வீட்டுச் சுவர் எழும்பி, நிலத்துக்குச் சீமெந்தும் போட்டாயிற்று. இனிக் கூரைதான்.

வெயிலில் வாய்க்கால் வரம்பெல்லாம் அலைந்து காலில் வெடிப்பு. உன் உடம்பைக் கவனி.

அண்ணன்,
நல்லரத்தினம்


பேர்ண்,
12.05.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கால் வெடிப்புக்குத் திவாகரன் ஒரு களிம்பு அனுப்புகிறான். மச்சாளின் பலகாரத்தைப் பூட்டி வையுங்கள்.

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். மேட்டைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு ஆழம் தோண்டியிருக்கிறான்? மேட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி? மருதமரம் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அல்லது ஆர்த்திகாவை எடுக்கச் சொல்லுங்கள். அவள் வாட்சப்பில் வீட்டுப் படம் அனுப்பியிருந்தாள். முன் அறைச் சுவரில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நல்ல வெள்ளை மணல், சுவரே பளிச்சென்று இருக்கிறது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. விலை ஏறிய நேரத்தில் எங்கே பிடித்தீர்கள் அப்படி மணல்?

இன்னொன்று. காணி என் பெயரில் இருக்கிறது. நான் சம்மதிக்காமல் என் காணிக்கு அனுமதி எப்படி வரும்? அம்மா எழுதிய காணி உறுதி என் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. கூரியரில் அனுப்பட்டுமா? அதைக் கண்டால் நீதவானுக்கு வேறென்ன வேண்டும்?

அதற்கும் அவன் நிற்காவிட்டால், மேட்டில் யார் இருக்கிறார் என்று நீதிமன்றத்தில் சொல்லிவிடுங்கள். இத்தனை வருஷம் மறைத்தது அவரை அங்கே நிம்மதியாக விடுவதற்குத்தான். மறைப்பதால் அவர் போய்விடுவார் என்றால் ஏன் மறைக்க வேண்டும்?

படத்தை மறக்க வேண்டாம்.

தங்கச்சி,
சீதேவிப்பிள்ளை


பழுகாமம்,
09.06.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். சுகத்தையே விரும்புகிறோம். களிம்பு வந்தது, மச்சாளும் பூசுகிறாள், ஆர்த்திகாவும் பூசுகிறாள், எனக்கு டப்பா மிஞ்சியது.

உறுதியை அனுப்ப வேண்டாம். கூரியரில் தொலைந்தால் யாரிடம் போய் அழுவது? இப்போதைக்கு வழக்குக்கு அது தேவையில்லை. மற்றதையும் வாய் திறக்காதே. சொன்னால் பொலிஸ் வரும், நீதவான் வருவார், கயிறு கட்டித் தோண்டச் சொல்வார்கள். பத்திரிகைக்காரன் படம் எடுப்பான். திவாகரன் அதைப் பேப்பரில் பார்த்தா தகப்பனைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

வழக்குக்குத் தவணை கொடுத்துவிட்டார்கள். அடுத்த தவணை ஆடியில். என் போனில் கமெரா பழுது.

இந்த வருஷம் மாங்காய் நன்றாகக் காய்த்திருக்கிறது. அணில்தான் விடுகிறதில்லை. கோயில் தீமிதிப்புக்குக் கூட்டம் குறைவு. வாவியில் தண்ணீர் வற்றி, கரையோரம் சேறு வெடித்துக் கிடக்கிறது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில்.

உடம்பைக் கவனி.

அண்ணன்


பேர்ண்,
25.08.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். ஆனியில் ஒன்று, ஆடியில் ஒன்று எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. போன் எடுத்தேன். மச்சாள் எடுத்து, "அவர் வட்டைக்குப் போயிட்டார்கா" என்றாள். மூன்று தரம் எடுத்தேன், மூன்று தரமும் வட்டை. ராத்திரி எட்டு மணிக்கு வட்டையில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அவள் குரலில் கூச்சம் இருந்தது.

ஆகவே சட்டத்தரணி ஸுஹைனாவுக்கு நேரே எழுதினேன். மரியாதையான பிள்ளை, பத்து நாளில் பதில் போட்டது. "காணியின் உரிமைக்காரியாகிய நீங்கள் இருக்க, உங்கள் அண்ணன் ஏன் வாய்க்கால் சேதம் என்று வழக்குப் போட்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. உங்கள் உறுதியைக் கேட்டுப் பல தரம் சொல்லியும் அவர் கொண்டுவரவில்லை" என்று எழுதியிருக்கிறது. அனுமதிப்பத்திரக் கோவையிலிருந்து ஒரு பிரதியும் வைத்திருந்தது. தட்டச்சில் அடித்த சம்மதக் கடிதம். "மேற்படி காணியின் சொந்தக்காரராகிய நான், எனது காணி முழுவதிலும் மணல் அகழ்வதற்குப் பூரண சம்மதம் தெரிவிக்கிறேன்." மாசி மாதம் இருபதாம் திகதி. கீழே ஒரு கையெழுத்து.

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும் அண்ணன். அப்பா செத்த வருஷம் என் பள்ளிக்கூட றிப்போட்டில் "பெற்றோர்" என்ற இடத்தில் அதே கையெழுத்துத்தான் இருந்தது. உங்களுக்குப் பதினாறு வயது. ந எழுத்தின் வாலை அப்போதும் இப்படித்தான் சுழற்றுவீர்கள். அப்பாவுக்குப் பதிலாக வைத்தீர்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது எனக்குப் பதிலாக வைத்திருக்கிறீர்கள்.

உறுதியைச் சட்டத்தரணிக்கு அனுப்பிவிட்டேன். நான் உங்களிடம் கேட்பது இரண்டு. ஏன் வைத்தீர்கள்? மேடு இருக்கிறதா?

தங்கச்சி,
சீதேவிப்பிள்ளை


பழுகாமம்,
20.10.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம். எத்தனையோ தரம் எழுதத் தொடங்கிக் கிழித்தேன். மச்சாள், "உங்கட தங்கச்சிக்கு எழுதாம உங்களுக்கு நித்திரை வராது, எழுதிப் போடுங்க" என்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சுகம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

கையெழுத்து என்னுடையதுதான்.

மாசி மாதம் ஒரு காலை உதயரூபன் டிப்பரோடு வாசலில் வந்து நின்றான். "ஐயா, வெள்ள மண்ணைத்தானே அள்ளப்போறம். இதில ஒரு கையெழுத்தப் போட்டுத் தாங்க, மறுகா ஒருத்தரும் மறிக்கமாட்டாங்க" என்றான். கண்ணாடி உள்ளே இருந்தது. எடுத்து வர முழங்கால் இடம் கொடுக்கவில்லை, டிப்பர் மூக்கில் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டேன். அவன் வாசித்துக் காட்டியபோது "சொந்தக்காரராகிய" என்ற சொல் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொன்னால் பொய். தங்கச்சி காணி என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். முப்பது வருஷம் உழுதவன், வட்டையெல்லாம் "நல்லரத்தினத்தார் வயல்" என்றுதான் சொல்லும். அந்தச் சொல் அந்த நேரம் இனித்தது. அவ்வளவுதான்.

மேட்டைத் தொடாதே என்று அவனிடம் வாயால் சொன்னேன். எழுதவில்லை. எழுதினால் காரணம் கேட்பான் என்ற பயம். உன் கடிதம், எழுதி வாங்கச் சொன்னது, பங்குனி நடுவில்தான் கைக்கு வந்தது. அதற்குள் மேடு இல்லை தங்கச்சி. பள்ளக்காணி அப்போது சேறு, டிப்பர் புதையும். காய்ந்த தரை மேடு ஒன்றுதான். அதிலேதான் இயந்திரத்தை ஏற்றி, அதிலேதான் தொடங்கியிருக்கிறான். நான் போய்ப் பார்த்தபோது மருதமரம் வேரோடு சரிந்து கிடந்தது. சித்திரையில் உனக்கு "மேட்டுக்கு ஒன்றுமில்லை" என்று எழுதியவன் அதைப் பார்த்துவிட்டு வந்தவன்.

போன புதன்கிழமை உன் உறுதியைச் சட்டத்தரணி நீதிமன்றத்தில் வைத்தது. எதிர்ப்பக்கச் சட்டத்தரணி, பெண்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் ஆண்பிள்ளைதான் காணிக்காரன் என்று வாதாடினான். நான் எழும்பி, "கையெழுத்து என்ட. காணி என்ட இல்ல. என்ட தங்கச்சிட சீதனக் காணி. எனக்கு ஒரு சாண் உரிமையும் இல்ல" என்றேன். நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, பொய்யான உரித்துக் கூறியதற்கு என்மேல் விசாரணை வரும், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அன்றைக்கே தடையுத்தரவு கிடைத்தது. இயந்திரம் வெளியே போய்விட்டது.

வட்டவிதானைப் பொறுப்பைக் கூட்டத்தில் ஒப்படைத்துவிட்டேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எனக்கு அது வலித்தது. உனக்கு முன்னால் இதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

அண்ணன்,
நல்லரத்தினம்


பேர்ண்,
10.11.2024

அண்ணனுக்கு,

கிடைத்தது. படித்தேன். இங்கே பனி தொடங்கிவிட்டது. மச்சாளுக்கும் ஆர்த்திகாவுக்கும் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீதிமன்றத்தில் எழும்பி நின்றீர்கள். அதை மாசி மாதம் உங்கள் வாசலில் செய்திருக்கலாம். ஆறு மாதமாக நான் இரவில் படுக்கும்போது "மேட்டுக்கு ஒன்றுமில்லை" என்ற வரியைச் சொல்லிக்கொண்டுதான் படுத்தேன். வேலையிடத்தில் துணி மடிக்கும்போதும் சொல்லிக்கொண்டேன். நீங்கள் எழுதியதால்தான் நம்பினேன். வேறு யார் எழுதியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

ஒன்றுதான் கேட்க இருக்கிறது. அந்த மேட்டு மண் எங்கே போனது? டிப்பர்க்காரனிடம் கேளுங்கள். எந்த ஊர், எந்தக் கட்டடம், பாசிக்குடாவில் எந்த ஹோட்டல் என்றாலும் சரி, விசாரித்து எழுதுங்கள். அங்கே போய்க் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வாசற்காவலாளி விடாவிட்டால் தெருவில் நிற்கிறேன்.

சீதேவிப்பிள்ளை


பழுகாமம்,
26.01.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

வழக்கு முடிந்தது. அனுமதிப்பத்திரம் செல்லாது, காணி முழுவதும் உனக்கே உரியது என்று கட்டளை. பிரதியை ஸுஹைனா உனக்கு அனுப்பும். பத்து வருஷம் இழுக்கும் வழக்கு, நான் ஒப்புக்கொண்டதால் ஒரு வருஷத்துக்குள் முடிந்தது என்று அந்தப் பிள்ளை சொல்கிறது. என் விசாரணை தொடர்கிறது. அபராதத்தோடு விடுவார்கள் என்று நம்புகிறார்கள்.

வென்ற காணியைப் பற்றி எழுத வேண்டும். கார்த்திகை வெள்ளத்தில் குழி நிரம்பி, வாவித் தண்ணீரும் ஏறிவிட்டது. இரண்டு பனை ஆழம் என்கிறார்கள். வலை வீசுகிறார்கள். முதலை ஒன்று வந்து கிடக்கிறது. உன் உறுதியில் "நெற்காணி" என்று இருக்கிறது. இனி அங்கே நெல் இல்லை.

நீ கேட்டதற்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தது விசாரித்துக்கொண்டிருந்ததால் அல்ல. எனக்கு முதலிலேயே தெரியும். பெக்கோக்காரனிடம் ஒருதரம் கேட்டேன், உனக்காக அல்ல, எனக்காக. "எலும்பு கிலும்பு ஒண்டும் கண்ணில படல்ல ஐயா. பட்டாலும் மாட்டெலும்பெண்டு விட்டிரிப்பன்" என்றான்.

முதல் இரண்டு லோட் காணிக்காரருக்கு என்பது வழக்கம். அந்த இரண்டு லோட்டையும் நம் வளவில் கொண்டுவந்து கொட்டினான். இலவச மணல், அதுவும் அவ்வளவு வெள்ளை மணல். எங்கே வெட்டியது என்று நான் கேட்கவில்லை. வழக்கப்படி வந்த மணல் என்று சந்தோஷப்பட்டேன். மேசனைத் திரும்பக் கூப்பிட்டேன். அவன் மூன்று நாள் அரித்தான். அரித்த மணல் ஆர்த்திகாவின் வீட்டுச் சுவருக்குப் போனது. நீ படத்தில் பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதிய முன் அறைச் சுவர் அதுதான். சல்லடையில் நின்ற கல்லும் கட்டியும் மற்றதும் முன் அறை நிலத்துக்கு நிரப்பி, இடித்து, மேலே சீமெந்து போட்டாயிற்று.

மூன்றாம் நாள் சல்லடைக் கழிவுக்குப் பக்கத்தில் நின்று மேசனோடு பகிடி பேசிக்கொண்டிருந்தேன். கறுத்துப்போன ஒரு சிறிய குழாய் காலடியில் கிடந்தது. துடைத்துப் பார்த்தேன். அம்மன் கோயில் தாயத்து. அதன்பிறகுதான் மேட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது மேசன் நிலத்தை இடித்து முடித்திருந்தான். "ஐயா, நல்லா இறுகிட்டு" என்றான். அப்போது நான் வாய் திறந்திருந்தால் தோண்டி எடுத்திருக்கலாம். ஆர்த்திகா தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்தேன்.

தாயத்து என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பத்து மாதமாக அதே பெட்டியிலிருந்துதான் உனக்கு எழுதும் தாளை எடுத்தேன்.

வீட்டை இடிக்கச் சொன்னால் இடிக்கிறேன். கலியாணத்தை நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன். நீ சொல்.

அண்ணன்


பேர்ண்,
23.02.2025

நல்லரத்தினம் அண்ணனுக்கு,

வீட்டை இடிக்க வேண்டாம். அந்தப் பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆர்த்திகாவிடம் ஒருநாளும் சொல்லவும் வேண்டாம். வினோஜனிடமும் மச்சாளிடமும் வேண்டாம். அவள் அந்த அறையில் பிள்ளை பெற்று வளர்க்கப்போகிறவள். திவாகரனிடம் நான் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு அவன் பால்கனிக்குப் போய்ப் பனியில் நின்றான். கூப்பிட்டும் வரவில்லை. பிறகு வந்து, "அப்பா இப்ப வீட்டுக்குள்ள இரிக்காரா அம்மா?" என்று கேட்டான். ஓம் என்றேன்.

பங்குனி பத்தாம் திகதி வந்து இறங்குகிறேன். காணியைப் பார்க்க வரமாட்டேன். கல் வாங்கவில்லை, வைக்க இடமில்லை. கலியாணத்துக்குச் சொந்தக்காரர் வந்து நிறைவார்கள், எனக்கு முன் அறையில் பாய் போடச் சொல்லுங்கள். கட்டில் வேண்டாம், மெத்தை வேண்டாம். மாமிக்கு வெக்கை தாங்காது, சீமெந்து நிலம் குளிர்ச்சி என்று ஆர்த்திகாவிடம் சொல்லுங்கள். முப்பத்தைந்து வருஷத்தில் நான் அவருக்குப் பக்கத்தில் படுக்கப்போவது அந்தப் பத்து நாள்தான். மூலையில் ஒரு சிறிய விளக்கு வைப்பேன். புதுவீட்டுக்கு விளக்கு வைப்பது நல்லது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

தாயத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம். பெட்டிக்குள் மேலாக எடுத்து வைத்துப் பூட்டிவிட்டு, திறப்பை மச்சாளிடம் கொடுங்கள். நான் வந்து எடுத்துக்கொள்வேன். நான் அதை எடுக்கும் நேரம் நீங்கள் வீட்டில் நிற்க வேண்டாம். வட்டைக்குப் போயிருங்கள். மச்சாளிடம் யாரும் கேட்டால் அப்படித்தான் சொல்வாள், அவளுக்குப் பழக்கம்.

மற்றவர்களின் சுகத்தை வந்து கேட்டுக்கொள்கிறேன்.

சீதேவிப்பிள்ளை